சாப்பாட்டு நேரப் பேச்சும் பிள்ளைகளின் மனநலமும்

பள்ளி, டியூஷன், வேலை என்று ஆளுக்கொரு பக்கம் ஓடும் வீடுகளில் எல்லோரும் ஒன்றாக உட்காருவது பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குத்தான். பிள்ளையின் மனத்தில் கிடப்பது வெளியே வர வாய்ப்புள்ள நேரமும் அதுவே. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் இருவரும் குடும்பங்களின் சாப்பாட்டு நேரப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். தாத்தா பாட்டி வளர்ந்த ஊர், அப்பாவும் அம்மாவும் சந்தித்த விதம், குடும்பம் தாண்டி வந்த கஷ்டம் ஆகியவற்றை அறிந்திருந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடுதலாக இருந்தது.

அந்தச் சாப்பாட்டு நேரமே விசாரணையாக மாறினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். முதல் கவளத்திலேயே மார்க்கைக் கேட்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது, எல்லோர் முன்னாலும் "குண்டாயிட்டே" என்பது, பெரியவர்கள் பணச் சண்டையை அங்கே போடுவது எல்லாமே கெடுதல். உடம்பைப் பற்றிய கிண்டல், வளரிளம் பெண்களும் பையன்களும் சாப்பாட்டையே வெறுக்கும் அளவுக்குப் போவதுண்டு.

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்றால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்பிட்டே?" என்றால் விஷயம் வேறு. தனியாகச் சாப்பிடுவதும், டிபன் பாக்ஸை யாரோ பிடுங்குவதும் அந்தப் பதிலில்தான் தெரியவரும். உடனே புத்தி சொல்லாமல் கேட்டு முடிப்பது முக்கியம்; பெரியவர்கள் பலரும் தவறுவது இங்கேதான்.

இப்படிக் காதுகொடுப்பது பிள்ளையின் உரிமையை மதிப்பதும்கூட. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அது மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது.

தட்டில் சோற்றை அளைந்தபடி உட்கார்ந்திருப்பது, பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி, தூக்கமின்மை ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால் குழந்தை மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. துன்புறுத்தல் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

பாலியல் சீண்டலைப் பிள்ளை சொன்னால் துருவித் துருவிக் கேட்கக் கூடாது; "சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல" என்பது போதும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே பதிவுசெய்யலாம். அப்போது போலீஸார் சீருடையில் இருக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் கூடாது.