கோவை கட்டிய கொட்டகை – 9: தாடிக்குள் ஒரு கள்ளன்

சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவிலிருந்து விலகிய எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு, புலியகுளத்தில் இருந்த கந்தன் ஸ்டுடியோவை எடுத்து ‘பட்சிராஜா’ என்று பெயர் மாற்றியதைச் சென்ற வாரம் பார்த்தோம். நாயுடுவுக்கு ஒருவகைக் கதாநாயகன் மேல் தனிப் பிரியம் இருந்திருக்க வேண்டும். ஊர் ஒரு பெயரில் தேடும். அவன் வேறு பெயரில் அதே ஊருக்கு நல்லது செய்துகொண்டிருப்பான்.

1950-ல் வந்த ‘ஏழை படும் பாடு’ அப்படிப்பட்டதுதான். விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசராப்ள’ நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்து கே.ராம்நாத் இயக்கினார். தண்டனைக் கைதி ஊர் போற்றும் மனிதராக மாறி வாழ்வதை நாகையா நடித்தார். அவரை விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரியாக வந்த சீதாராமனுக்கு ‘ஜாவர்’ என்ற அந்தப் பாத்திரத்தின் பெயரே கடைசிவரை அடைமொழியாக ஒட்டிக்கொண்டது.

நான்கு வருடம் கழித்து அதே ஸ்டுடியோவிலிருந்து வந்தது ‘மலைக்கள்ளன்’. இந்த முறை கதைக்காக பாரீஸ் வரை போக வேண்டியிருக்கவில்லை. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளையின் நாவல் அது. 1930-ல் வேதாரண்யம் உப்பு யாத்திரைக்கு நடைப்பாட்டு எழுதிக் கொடுத்தவர் அவர். ஆயுதம் தொடாத போருக்குப் பாட்டு எழுதிய அந்தக் காந்தியவாதிதான், சுவரேறிக் குதிக்கும் ஒரு கொள்ளைக்காரனையும் தமிழுக்குக் கொடுத்தார்.

கதை இதுதான். ஊரில் கொள்ளையும் ஆள் கடத்தலும் நடக்கின்றன. பின்னால் நிற்பவர்கள் பெரிய மனிதர்கள். பழி மட்டும் மலைக்கள்ளன் தலையில். அவனோ மலைக்கு மேலே ஏழை எளியவர்களைக் கூட்டி வைத்து ஒரு தனிச் சமுதாயமே நடத்துகிறான். கடத்தப்பட்ட பூங்கோதையை (பி.பானுமதி) மீட்பவனும் அவன்தான். கீழே ஊருக்குள் ரஹீம் என்றொரு தாடிக்கார வணிகர் செல்வாக்கோடு நடமாடுகிறார். மூன்றாவதாக, சின்ன வயதில் காணாமல் போன குமாரவீரன் என்றொருவன். மூவரும் ஒரே ஆள். மூன்றாகவும் வருபவர் எம்.ஜி.ஆர்.

திரையில் டி.எஸ்.துரைராஜ் உள்ளிட்ட போலீஸ் பட்டாளத்துக்கு இந்தச் சங்கதி தெரியாது. தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். எத்தனை தாடி ஒட்டினாலும் உள்ளே இருப்பது எம்.ஜி.ஆர். என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? போலீஸ் ரஹீமை மதித்துப் பேசும்போதெல்லாம், ரகசியத்தில் பங்குள்ளவர்கள்போலக் கொட்டகை சிரித்தது. படத்தின் பலமே அங்குதான் இருந்தது. எம்.ஜி.ஆருக்கும் ரசிகருக்கும் இடையே ‘உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்’ என்றொரு உறவை இந்தப் படம் உறுதிப்படுத்தியது. ‘பாக்தாத் திருடன்’, ‘ரகசிய போலீஸ் 115’ என்று பின்னாளில் அவர் எத்தனை வேஷம் போட்டபோதும் அது கைகொடுத்தது.

வசனம் மு.கருணாநிதி. ‘ராஜகுமாரி’ (1947) காலத்திலேயே கோவையில் எம்.ஜி.ஆருக்குப் பழக்கமானவர். அந்தப் படத்தில் அவர் பெயர் டைட்டிலில் உதவியாளராகத்தான் வந்தது. ‘மலைக்கள்ளன்’ வந்தபோது நிலைமையே வேறு. ‘பராசக்தி’ வந்து இரண்டு வருடமாகியிருந்தது. ஆக, காங்கிரஸ்காரரின் கதைக்குக் கழகத்துக்காரர் வசனம் எழுத, 1953-ல் கழகத்தில் சேர்ந்த நடிகர் அதைப் பேசினார். நாயுடு கட்சி பார்க்கவில்லை, கதை நடக்குமா என்றுதான் பார்த்தார். எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் இசையில் டி.எம்.சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்காக முதன்முதலில் பாடியதும் இந்தப் படத்தில்தான். தமிழின் சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அந்தப் பதக்கத்தை வாங்கிய முதல் தமிழ்ப் படம் இது.

நாயுடு அதோடு விடவில்லை. அதே வருடம் தெலுங்கில் என்.டி.ராமராவை வைத்து ‘அக்கி ராமுடு’. 1957-ல் மலையாளத்தில் சத்யன் நடித்த ‘தஸ்கரவீரன்’, கன்னடத்தில் கல்யாண்குமார் நடித்த ‘பெட்டத கள்ள’. சிங்களத்திலும் ‘சூரசேன’ என்று வந்தது.

இந்திப் பதிப்புதான் பெரிய விஷயம். ‘தீதார்’, ‘தாக்’ என்று சோகத்திலேயே ஊறிப்போயிருந்த திலீப் குமாருக்கு, கொஞ்ச நாள் இலகுவான வேடங்களில் நடிக்கும்படி லண்டன் மனநல மருத்துவர் ஒருவர் ஆலோசனை சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில் தேடி வந்தது கோவைத் தயாரிப்பாளரின் அழைப்பு. மீனா குமாரியோடு அவர் நடித்த ‘ஆசாத்’ 1955-ல் வெளியாகி அந்த வருடத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்றானது. சிறந்த நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் அவருக்குக் கிடைத்தது. ஒரு மாதத்துக்குள் எல்லாப் பாட்டும் வேண்டும் என்று நாயுடு கேட்டதும் நௌஷாத் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். சி.ராம்சந்திரா ஒப்புக்கொண்டு முடித்துக் கொடுத்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு ஹாங்காங்கிலும் இதே வார்ப்பில் ஒருவன் வந்தான். யுவன் வூ-பிங் இயக்கி 1993-ல் வந்த ‘அயர்ன் மங்கி’ குங்ஃபூ ரசிகர்களுக்கு மனப்பாடம். பகலில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், ராத்திரியில் முகமூடி மாட்டி ஊழல் ஆளுநரின் கஜானாவைக் காலி செய்கிறார். அவரைப் பிடித்துத் தந்தால்தான் மகனை விடுவேன் என்று ஆளுநர் மிரட்டுவது, ஊருக்குப் புதிதாக வந்த வோங் கே-யிங் என்ற வீரனை. வேட்டையாட அனுப்பப்பட்டவன் கடைசியில் வேட்டைப் பொருளோடு தோள் சேர்ந்து சண்டை போடுகிறான். கூரையில் பறப்பதும் கம்பத்தின் மேல் நின்று மோதுவதும் அவர்கள் சரக்கு. ஆனால் சட்டம் தேடுகிறவன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று ஜனங்களை நம்ப வைப்பதில் புலியகுளம் அவர்களை முந்திக்கொண்டது.

அங்கே வோங் கே-யிங்குக்கு வந்ததுபோல, ‘யார் பக்கம் நிற்பது?’ என்ற கேள்வி கோவையில் கேமராவுக்குப் பின்னாலும் வந்தது. ‘ராஜகுமாரி’யில் சண்டைக் காட்சிக்கு அனுபவமுள்ள ஒரு பயில்வானைப் போடக் கம்பெனி நினைத்தது. புதுக் கதாநாயகனான எம்.ஜி.ஆர்., தன்னோடு பழகிய உடற்பயிற்சிக்கார நண்பருக்குத்தான் அந்த வேடம் என்று பிடிவாதம் பிடித்தார். அந்த நண்பர் பிற்பாடு தேவர் பிலிம்ஸ் தொடங்கி, எம்.ஜி.ஆரை வைத்து மட்டும் 16 படம் எடுத்தார். சாண்டோ எம்.எம்.ஏ.சின்னப்பா தேவரின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)