காட்டுப்பூவரசும் தோல் தொழிலும்

எரிக்கேசியே என்று தாவரவியலார் குறிப்பிடும் குடும்பத்தின் பூஞ்செடிகள் பெரும்பாலும் குளிர்ச்சியும் ஈரமும் புளிப்புத் தன்மையும் உள்ள மண்ணையே நாடுவதால், பாலாற்றங்கரையில் வெயில் காயும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துச் சமவெளியில் அவற்றைக் காண இயலாது. ஆயினும் தமிழ்நாட்டில் அக்குடும்பத்தின் அழகு மிக்க உறுப்பினரான காட்டுப்பூவரசின் வரலாற்றில் இவ்வூர்களின் தோல் தொழிலுக்கும் பங்குண்டு.

காட்டுப்பூவரசு சேர்ந்துள்ள ரோடோடென்ட்ரான் பேரினத்தில் ஏறத்தாழ 1,000 சிற்றினங்கள் உள்ளன; அவற்றுள் வைரேயா எனப்படும் வெப்பமண்டலப் பிரிவு போர்னியோ, நியூகினி மலைகளில் செழித்து, பல இடங்களில் மரக்கிளைகளின்மேல் தொற்றியும் வாழ்கிறது. தென்னிந்தியாவுக்கு வாய்த்ததோ ஒன்றே. அதன் நெருங்கிய உறவுகள் இமயமலையில் இருக்க, இது மட்டும் தனித்து நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளின் புல்வெளிகளிலும் சோலைக்காட்டு ஓரங்களிலும் முறுக்கிய கிளைகளோடு நிற்கிறது. இலை மேலே கரும்பச்சையாகத் தடித்தும், அடியில் பழுப்பு மயிர் படர்ந்தும் இருக்கும். கிளை நுனியில் கொத்தாக மலரும் செந்நிற மணிப்பூக்களின் தேனைப் பறவைகள் நாடி வரும். தக்கைபோன்ற தடித்த பட்டை புல்வெளித் தீயிலிருந்து மரத்தைக் காக்கும்.

தீயைத் தாங்கிய மரத்துக்கு, தோல் தொழிலுக்காக நடப்பட்ட அயல்மரத்தின் நிழல் பகையாயிற்று. தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கும் துவர்ப்பொருளுக்காகப் பதனிடுவோர் முன்பு சமவெளியின் ஆவாரம்பட்டையை நம்பியிருந்தனர். பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை இறக்குமதியாயிற்று. விடுதலைக்குப் பின், ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட அம்மரமே, மலைமக்கள் சீகை என்று அழைக்கும் பெயரோடு, நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பரவலாக நடப்பட்டது. புல்வெளியைப் பயனற்ற தரிசு என்று எண்ணியதே இதில் நேர்ந்த பெரும்பிழை. மழைநீரை உறிஞ்சிவைத்து ஓடைகளுக்கு விடுவதும், ஒளியை விரும்பும் காட்டுப்பூவரசுக்கு இடந்தருவதும் அப்புல்வெளிதான். குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவிப் பட்டையின் தேவை குறைந்த பிறகும், சீகை பரவுவது நிற்கவில்லை.

தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டது. எனினும் சீகை விதைகள் மண்ணுள் பல்லாண்டுகள் உயிரோடு கிடந்து, வெட்டிய இடத்திலேயே மீண்டும் அடர்ந்து முளைப்பவை. ஆதலால் ஒருமுறை வெட்டுவதோடு நில்லாமல், முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கிப் புல்லையும் நட்டு வளர்த்தாலன்றி அப்பணி நிறைவேறாது.