கொதிக்கும் எஞ்சின்

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் ஸ்போட்ஸ் கார் செய்யப்பட்டது. அதனைப் பேணி ஓட்டுவோர் இன்றும் பலர். எஞ்சின் கொதித்ததும் புதிய றேடியேற்றர் வாங்க விரைவோரும் அவருள் உளர். அது அவசரத் தீர்ப்பு. எப்பொழுது கொதிக்கிறது என்பதே முதற் கேள்வி.

நெரிசலில் நிற்கையில் சூடேறி, ஓடுகையில் தணிந்தால், குறை பெரும்பாலும் காற்றோட்டத்திலேயே, விசிறியை நோக்குக. தொடக்ககால வண்டிகளில் விசிறி, நீர்ப்பம்பி, தைனமோ மூன்றையும் ஒரே பட்டி சுழற்றும். அது அறுந்தால் சிவப்பு விளக்கும் எரியும். விரைந்தோடுகையில் சூடேறினால், றேடியேற்றர்க் குழாய்கள் உள்ளே அடைபட்டிருக்கலாம். கசிவின்றியே நீர் குறைந்தால், சிலிண்டர்த் தலையின் கீழுள்ள காஸ்கெற்றையே ஐயுறல் வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஓட்டினால் அத்தலையே வளைந்துவிடும்.

சூடாயிருக்கையில் மூடியைத் திறத்தல் ஆகாது. அழுத்தத்தில் அடங்கிய நீர் 100 பாகை சென்ரிகிறேட்டைக் கடந்தும் கொதியாதிருக்கும். திறந்த கணமே ஆவியாய்ச் சீறி முகத்தில் பாயும்.