உங்களுக்குத் தெரியுமா? வருவாய்த் துறை வசம் போன காவல் நிலையம்

அரசு அசையாத இடத்தில், வழக்கமான எல்லையைத் தாண்டி நீதிமன்றமே களத்தில் இறங்குவதை ‘நீதித்துறைச் செயலூக்கம்’ என்கிறார்கள். இதற்கான ஆங்கிலச் சொல்லைப் பரப்பியவர் நீதிபதி அல்லர். 1947இல் ‘ஃபார்ச்சூன்’ பத்திரிகையில் எழுதிய அமெரிக்க வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர்.

நம் ஊர் உதாரணம், யானைமலைக்கு அருகே 2004 முதல் இயங்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸார் பிடித்துச்சென்ற தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தபோது, யாரும் மனு போடும்வரை காத்திராமல் நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், பி.புகழேந்தி அமர்வு தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கே ஸ்டேஷனில் ஒத்துழைப்பு இல்லை. விடுமா அமர்வு?

தடயங்கள் அழியாதிருக்க, காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கச் சொல்லிவிட்டது!