இரண்டடிப் பலகையில் ஒரு டிராம்

பினாங்கு ஜார்ஜ்டவுன் வீதிகளில் 1906 முதல் 1936 வரை மின்சார டிராம் ஓடியது. கெடா தோட்டங்களிலிருந்து பட்டர்வொர்த் வந்து படகேறியவர்களில் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். இன்றைய பிள்ளைகளுக்குப் புகைப்படத்தைத்தான் காட்ட முடியும். ஓடுவதைக் காட்ட வேண்டுமென்றால் வீட்டிலேயே மாதிரி டிராம் அமைக்கலாம்.

"அதற்குப் பெரிய அறை வேண்டுமே" என்று பெற்றோர் தயங்குகிறார்கள். ரயிலைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. கடையில் பெட்டியாகக் கிடைக்கும் ஹார்ன்பி ரயிலின் முதல் வளைவுக்கு ஆரம் 371 மி.மீ. வட்டம் முழுமையாக 742 மி.மீ. அகலம் பிடிக்கும். சுங்கை பட்டாணியில் ஒரு ஃபிளாட் வீட்டின் அறையில் இரண்டடிப் பலகை போடலாம். அது 610 மி.மீ.தான். ரயில் அதில் திரும்பாது.

டிராம் திரும்பும். சுங்கை பட்டாணி, குரூண், அலோர் ஸ்டார் வழியே போகும் ரயில் பாதையின் வளைவுகள் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆரம் கொண்டவை. டிராமோ வீதி முனையில் 20 மீட்டர் ஆரத்திலும் திரும்பிவிடும். அதை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 230 மி.மீ. இரண்டடிப் பலகையில் இது தாராளமாக அடங்கும். 150-இல் ஒரு பங்கு அளவில் ஜப்பானின் டோமிக்ஸ் நிறுவனம் 103 மி.மீ. ஆர வளைவையே தயாராக விற்கிறது.

ஆனால் பாதையை அவசரமாகப் போட்டால் டிராம் வளைவில் தடம் புரளும். நாலு முறை புரண்டால் பிள்ளைக்கு அலுத்துவிடும். வாங்கிய பெட்டி அலமாரி மேலே ஏறிவிடும். காசும் ஆர்வமும் வீண். இதைத் தவிர்க்கச் சில விஷயங்களைக் கவனித்தால் போதும்.

முதலில் நீளம். வளைவில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட நீளமானது. 16.5 மி.மீ. இடைவெளியுள்ள பாதை 90 பாகை திரும்பும்போது வித்தியாசம் சுமார் 26 மி.மீ. ஆரம் எதுவானாலும் இது மாறாது. வளைத்துப் போடும் தண்டவாளத்தில் உள்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். அந்த மிச்சத்தை வெட்டி, அரத்தால் தேய்த்துவிட வேண்டும். ஒரே அச்சில் பொருத்திய இரு சக்கரங்களில் ஒன்று இங்கே சறுக்கியே ஆகவேண்டும். நிஜ டிராமும் முனையில் கிறீச்சிடும். ஆகவே வளைவில் வேகம் குறைவாக இருக்கட்டும்.

அடுத்தது இணைப்பு. வளைத்த பிறகு இணைத்தால் அந்த இடம் முழங்கை போல் ஒடிந்து நிற்கும். பெரும்பாலும் டிராம் புரள்வது அங்கேதான். இரு துண்டுகளையும் நேராக வைத்து, ஈயம் பற்றவைத்து, பிறகு வளைக்க வேண்டும்.

மூன்றாவது, வளைவின் தொடக்கம். நேர்ப்பாதையிலிருந்து உடனே 230 மி.மீ. ஆரத்துக்குப் போனால் வண்டி குலுங்கும். முதலில் 400 மி.மீ. போல் மென்மையாகத் தொடங்கி மெல்ல இறுக்க வேண்டும். மெல்லிய மரச்சட்டத்தை வளைத்துப் பிடித்து அதன் ஓரமாகக் கோடு போட்டால், இந்த வடிவம் தானாகவே வரும். இடமும் வலமுமாக இரண்டு வளைவுகள் அடுத்தடுத்து வந்தால், நடுவே ஒரு டிராம் நீளத்துக்கு நேர்ப்பாதை விடுங்கள்.

நான்காவது, வண்டியின் உடல். வளைவில் அதன் நடுப்பகுதி உள்ளேயும் முனைகள் வெளியேயும் தள்ளும். டிராமின் பக்கத்தில் நடுவிலும் முனையிலும் பென்சிலை ஒட்டிக் கையால் தள்ளினால் எல்லைக்கோடு கிடைக்கும். கம்பமும் கடைவீடும் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் நிற்க வேண்டும்.

நம் ஊர் ஈரக் காற்றில் பிளைவுட் பலகை வளையும். இருபுறமும் சாயம் பூசிக் காயவைத்த பிறகே பாதையை ஒட்டுங்கள். ஒட்டுமுன் மின்சாரம் இல்லாமல் இரு திசையிலும் டிராமைத் தள்ளிப் பாருங்கள். கையில் தடுக்கும் இடத்தில் மோட்டாரும் தடுக்கும்.

இன்னொன்று: டிராம் திரும்பக்கூடிய மிகச் சிறிய ஆரம் என்ன என்று வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்டவாளம் வாங்குவது அதற்குப் பிறகு. அந்த 26 மி.மீ. எங்கிருந்து வந்தது என்று பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள். பள்ளியில் படித்த வட்டக் கணக்கு அங்கே கைக்கு வரும்.