உங்களுக்குத் தெரியுமா? – குளிர் மலையில் விதை முளைக்க ஒரு சூட்டுப்பெட்டி

மார்கழி, தை மாதங்களில் பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் தக்காளி விதை போட்டுவிட்டு, முளைக்கவில்லை என்று விதைக் கடைக்காரரைக் குறை சொல்பவர்கள் உண்டு. பல வேளைகளில் குற்றவாளி மண்ணின் குளிர்தான். இதற்காகவே நாற்றுச் சூட்டுப்பெட்டி கடைகளில் 'ஹீட்டட் புரோபகேட்டர்' என்ற பெயரில் கிடைக்கிறது. அடியில் மிதமான சூடு, நடுவில் நாற்றுத் தட்டு, மேலே கண்ணாடி போன்ற மூடி: அவ்வளவுதான் அதன் அமைப்பு. வாங்க நினைப்பவர்களும், வாங்காமலே சமாளிக்க விரும்புபவர்களும் அறிய வேண்டியவை இதோ.

ஒரே மாவட்டம், 5 பாகை வித்தியாசம்
பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹப்புத்தளை ஏறக்குறைய 1,430 மீற்றர். 1,000 மீற்றர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். அந்தக் கணக்கில் இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 5 பாகை வித்தியாசம். பதுளையில் தானாக முளைக்கும் மிளகாய் விதை ஹப்புத்தளையில் அடம்பிடிப்பது இதனால்தான். பெட்டியின் விலையை விசாரிக்குமுன் உங்கள் தோட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

6 நாளா, 43 நாளா?
மண் 25 பாகை சூட்டில் இருந்தால் தக்காளி சுமார் 6 நாளில் தலைகாட்டும். 20 பாகையில் 8 நாள், 15 பாகையில் 14 நாள், 10 பாகையில் 43 நாள். அத்தனை நாள் ஈரத்தில் கிடக்கும் விதை அழுகிப்போகவும் கூடும். கவனியுங்கள்: இது காற்றின் சூடு பற்றிய கணக்கு அன்று. விதை கிடக்கும் மண்ணின் சூடு பற்றியது.

மிளகாய்க்கு இன்னும் சூடு வேண்டும்
மிளகாயும் கறிமிளகாயும் 15 பாகையில் முளைக்க 25 நாள் எடுக்கும். 25 பாகையில் 8 நாள் போதும். 10 பாகையில் முளைக்கவே முளைக்காது. கத்தரியும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். சூட்டுப்பெட்டியால் உண்மையான பலன் பெறுபவை தக்காளி, மிளகாய், கத்தரி இந்த மூன்றுமே.

கோவாவுக்கு வேண்டாம், சலாதுக்குக் கூடவே கூடாது
கோவா 15 பாகையிலும் 9 நாளில் வந்துவிடும். சலாது அதே குளிரில் 4 நாளில் முளைக்கும்; மண்சூடு 30 பாகையைத் தாண்டினால் பல சலாது இனங்களின் விதை உறங்கிப்போகும். கரட், ராபு, போஞ்சி ஆகியவற்றைப் பாத்தியில் நேரே விதைப்பதே முறை. இவற்றை மட்டும் வளர்ப்பவர் பெட்டிக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

பெட்டியின் உயிர் தெர்மோஸ்டாட்டில்
விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் சூட்டைக் கட்டுப்படுத்தும் வசதி கிடையாது. அறையின் சூட்டோடு ஏறக்குறைய 8 முதல் 10 பாகை வரை கூட்டிக்கொண்டே இருக்கும். இரவில் அறை 14 பாகை என்றால் மண் 22 முதல் 24 வரை, நல்லது. அதே பெட்டி பகலில் அறை 26 பாகைக்கு ஏறும்போது மண்ணை 34 முதல் 36 பாகை வரை கொண்டுபோய்விடும், முளைப்பு கெடும். இரவும் பகலும் இவ்வளவு மாறும் மலைநாட்டில் தெர்மோஸ்டாட் உள்ளதையே வாங்குங்கள். அதன் உணர்முனையைக் காற்றில் தொங்கவிடாமல், விதையின் ஆழத்தில் மண்ணுக்குள் செருகி வையுங்கள்.

கரண்ட் பில் பயமுறுத்தாது
20 வொட் பெட்டி ஒரு நாள் முழுக்க ஓடினாலும் 0.48 அலகுதான். 10 நாளைக்கு 4.8 அலகு. தெர்மோஸ்டாட் இருந்தால் இதைவிடக் குறையும். முளைத்தவுடன் நிறுத்திவிட வேண்டியதால் மாதம் முழுக்க ஓடும் செலவும் இல்லை.

110 வோல்ட் ஆபத்து
இணையத்தில் மலிவாக வரும் சூட்டு விரிப்புகளில் சில அமெரிக்காவுக்கெனச் செய்யப்பட்டவை. 110 முதல் 120 வோல்ட்டுக்கு உரியவை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நேரே சொருகினால் ஏறக்குறைய நான்கு மடங்கு சூடேறிக் கருகிவிடும். முதுகுப் பக்கத்து எழுத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். தண்ணீர் புழங்கும் பொருள் என்பதால் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இடத்தில் பயன்படுத்தவே வேண்டாம். ஒரே நீட்டிப்பு வயரில் எல்லாவற்றையும் மாட்டியிருக்கும் லயக் காம்பராவில் இன்னும் கவனம் தேவை.

பெரிய பெட்டி தேவையில்லை
வீட்டுத் தேவைக்குப் பத்துத் தக்காளி, பத்து மிளகாய், ஐந்தாறு கத்தரி தாராளம். ஜன்னல் ஓரத்தில் அடங்கும் சிறு பெட்டியே இதற்குப் போதும். பெட்டியின் நீளத்தைவிட மூடியின் உயரத்தையும், அதில் காற்றோட்டத் துளை இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஒரே இரவில் சாயும் நாற்று
காலையில் மூடியைத் திறந்தால் உட்பக்கம் முழுக்க நீர்த்துளி. தட்டில் பச்சையாக நின்ற நாற்றுகளில் சில தரையோடு படுத்திருக்கும். குனிந்து பார்த்தால் மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு பழுப்பேறி, நூல்போல் மெலிந்திருக்கும். இதுதான் நாற்றழுகல்; பித்தியம், ரைசொக்டோனியா போன்ற பூஞ்சண வகைக் கிருமிகளின் வேலை. சூடும் ஈரமும் அடைசலும் சேர்ந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். பாதி விதை முளைத்ததுமே துளைகளைத் திறந்துவிடுங்கள். அடுத்த ஓரிரு நாளில் மூடியையும் எடுத்துவிடுங்கள்.

தோட்டத்து மண் வேண்டாம்
நாற்றுத் தட்டுக்குத் தும்புத்தூளும் நன்றாக மக்கிய கூட்டெருவும் கலந்தால் போதும். தென்னந்தும்பை உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நாட்டில் இதற்குப் பஞ்சமில்லை. உப்பு போகத் தும்புத்தூளைக் கழுவிப் பிழிந்து எடுங்கள். தரையில் நாற்றுமேடை போடுபவர்கள் மேடையின்மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பதும், நனைத்த மேடையைத் தெளிவான பொலித்தீனால் மூடிச் சில வாரம் வெயிலில் விடுவதும் பூஞ்சணத்தைக் கொல்லத்தான்.

சூடு வேறு, வெளிச்சம் வேறு
சூட்டுப்பெட்டி முளைக்க வைக்கும், வளர்க்காது. முளைத்த பிறகும் இருண்ட அறையில் சூட்டில் வைத்தால் நாற்று வெளிறி, நெடுநெடுவென உயர்ந்து, தன் பாரம் தாங்காமல் சாயும். தலைகாட்டிய அன்றே சூட்டைக் குறைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். நடுவதற்கு முன் ஒரு வாரமாவது பகலில் வெளியே வைத்துக் காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்க வேண்டும்.

தவறணையில் இருக்கும் அறிவு
ஒற்றை இலையும் ஒரு மொட்டும் கொண்ட தண்டுத் துண்டிலிருந்து வீ.பி. தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையை நினைத்துப் பாருங்கள். நிழல், பொலித்தீன் மூடாக்கு, உள்ளே குறையாத ஈரம், பிறகு மெல்ல மெல்லத் திறந்து பழக்குதல். சூடேற்றும் கம்பி ஒன்றைத் தவிர நாற்றுப்பெட்டியின் முழு நுட்பமும் அங்கே இருக்கிறது. தவறணையில் வேலை செய்த ஓர் அம்மா உங்கள் லயத்தில் இருந்தால், எந்தப் புத்தகத்தையும்விட அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கண்ணாடிப் பெட்டியில் வந்த சிங்கோனா
1829ஆம் ஆண்டளவில் லண்டன் மருத்துவர் நதானியல் வார்ட், மூடிய கண்ணாடிக்குள் செடி தன் ஈரத்திலேயே உயிர்வாழ்வதைக் கண்டார். அந்த வார்ட் பெட்டிகளில்தான் தாவர சேகரிப்பாளர் ரொபர்ட் போர்ச்சூன் சீனாவின் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்கு அனுப்பினார்; மலேரியா மருந்து தரும் சிங்கோனா மரமும் அதேபோல் தென்னமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்குக் கடல் கடந்தது. சிங்கோனாவை வளர்த்துப் பார்க்கவே 1861இல் ஹக்கலைத் தோட்டம் தொடங்கப்பட்டது.

சக்கரம் வைத்த பாத்தி
ரோமப் பேரரசர் திபேரியஸுக்கு நாள்தோறும் வெள்ளரி இனக் காய் வேண்டுமாம். பாத்திகளைச் சக்கரத்தில் ஏற்றி வெயிலுக்கு நகர்த்தி, குளிர் நாளில் ஒளிபுகும் கல் தகட்டால் மூடினார்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார்.

மின்சாரமில்லாத சூட்டுப்பெட்டி
மாடு வளர்க்கும் வீட்டில் சூடு இலவசம். ஒன்றரை அடி ஆழத்துக்குப் புதுச் சாணமும் வைக்கோலும் கலந்து மிதித்து, மேலே அரையடி மண் போடுங்கள். சாணம் புளிக்கும்போது உள்ளே 50 பாகைக்கு மேலும் சூடேறும்; ஆகவே உடனே விதைக்காதீர்கள். சில நாள் பொறுத்து, மேல்மண் கைக்கு இதமான வெதுவெதுப்புக்கு வந்ததும் தட்டை வைத்துப் பொலித்தீனால் மூடுங்கள்.

முதலில் விதையைச் சோதியுங்கள்
பத்து விதையை ஈரத் துணியில் மடித்து, அடுப்புக்கு அருகே வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். பத்து நாளில் எட்டு முளைத்தால் விதை நல்லது. மூன்று நான்குதான் என்றால் விதை பழையது. எந்தப் பெட்டியும் அதைக் காப்பாற்றாது. உங்கள் உயரத்துக்கு ஏற்ற இனத்தைப் பண்டாரவளை விவசாய ஆராய்ச்சி நிலையத்திலோ பக்கத்துக் கமநல சேவை நிலையத்திலோ கேட்டறியலாம்.

வாங்கலாமா?
பதுளை நகரத்தின் உயரத்திலோ அதற்குக் கீழோ இருப்பவர்களுக்குத் தேவையில்லை. பண்டாரவளை, ஹப்புத்தளை உயரத்தில் குளிர் மாதங்களில் தக்காளி, மிளகாய் நாற்று போடுபவர்களுக்குத் தெர்மோஸ்டாட் உள்ள ஒரு சிறு பெட்டி நிச்சயம் உதவும். நாட்சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அது பாரமென்றால், லயத்தில் நான்கைந்து குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். முளைத்ததும் தட்டை எடுத்துவிடுவதால் ஒரே பெட்டி முறைவைத்து எல்லாருக்கும் போதும்.