சுவரும் எழுத்தும்

தமிழில் ஓவியத்தை வரைவது மட்டுமன்று, எழுதுவதும் உண்டு. ‘சுவர் இருந்தால் அல்லவோ சித்திரம் எழுதலாம்’ என்னும் பழமொழி அவ்வழக்கைக் காத்து நிற்கிறது. எழுதப்பட்டது எனின், யாருடைய சுவரில், யார் படிப்பதற்கு என நாம் வினவுதல் வேண்டும்.

இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் உள்ளன. தஞ்சை மராத்தியரோடு நிகழ்ந்த போரும் சேதுபதி மன்னர் ஐரோப்பியரை வரவேற்ற காட்சியும் அவற்றில் இடம்பெறுகின்றன. பொருளால் அவை அரசியல் ஓவியங்களே. ஆயினும் சுவர் மன்னருடையது. கண்டோர் அரண்மனைக்குள் வரப்பெற்றோர்.

மெக்சிகோவில் சுவர் பொதுமக்கள் பக்கம் திரும்பியது. 1910இல் தொடங்கிய புரட்சிக்குப் பின், 1921இல் கல்வியமைச்சரான ஹொசே வாஸ்கொன்செலோஸ் பொதுக் கட்டடச் சுவர்களை ஓவியர்க்கு அளித்தார். அந்நாளில் அங்குப் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர். கல்வியமைச்சகச் சுவர்களில் தியேகோ ரிவேரா சுரங்கத் தொழிலாளரையும் உழவரையும் தீட்டினார். ஓர் ஓவியத்தில், ஆசிரியை ஒருவர் தரையில் அமர்ந்து சிற்றூர் மக்களுக்குப் பாடம் சொல்கிறார். துப்பாக்கி ஏந்திய குதிரைவீரன் காவல் நிற்கிறான். அதே ரிவேரா நியூயார்க் ராக்பெல்லர் மையத்தில் லெனின் உருவத்தைத் தீட்டினார். 1934இல் அவ்வோவியம் தகர்க்கப்பட்டது. சுவருக்கு உடையவரே ஓவியத்தின் ஆயுளை முடிவு செய்தனர்.

நெகிரி செம்பிலானில் பால்மரத் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டன. லயங்களும் மறைந்து வருகின்றன. நமக்கென எஞ்சும் பொதுச்சுவர் தமிழ்ப்பள்ளியின் சுவரே. பால்மரம் வெட்டிய கைகளை நம் மாணவர் அதில் எழுதுவாராயின், எழுத்தறியாத பாட்டியும் தம் வரலாற்றை அங்கே நின்று படிப்பார்.